எழாத முகப்பு விளக்கை எழுப்புவது எப்படி: சேலத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பாப்-அப் ஹெட்லைட் (அணைந்திருக்கும்போது பானெட்டுக்குள் மறைந்து, தேவைப்படும்போது மேலெழும் முகப்பு விளக்கு) எழவில்லை என்றதும் பலர் செய்யும் முதல் வேலை, வெளிநாட்டிலிருந்து புது மோட்டார் வரவழைக்க விலை விசாரிப்பது. அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடிய காரில் மோட்டார் முற்றிலும் செத்துப்போவது குறைவு. அதற்கு வரும் மின்சாரம் வழியிலேயே பலம் இழப்பதும், அது தூக்க வேண்டிய கீல்கள் இறுகிப்போவதும்தான் அதிகம். இந்த இரண்டையும் சரிசெய்யத் தேவையான கைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. லாரி ஒயரிங் பார்க்கும் எலெக்ட்ரீஷியன், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர், லேத் பட்டறைக்காரர் ஆகிய மூவரும் போதும். சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் ஜவ்வரிசி ஆலைகளும் வளர்த்த பட்டறைகள் இவை. இந்த விளக்கை அவர்கள் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் அவர்கள் தினமும் கையாளுவதுதான். எந்தப் பாகத்தை யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று கண்டுபிடிப்பது மட்டும் உங்கள் பொறுப்பு. அதற்கான வழிகாட்டியே இது.

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்து, இந்த அமைப்பை மட்டும் இதுவரை திறந்து பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை

விளக்கை மறைத்து வைக்கும் கார்களில் முதலில் விற்பனைக்கு வந்தது 1936-இன் கார்டு 810. அதில் ஓட்டுநர் டாஷ்போர்டில் இருந்த கைப்பிடியைச் சுழற்றி விளக்கை வெளியே கொண்டுவர வேண்டும். 1968-இல் வந்த ஓப்பல் ஜிடியில் ஒரு நெம்புகோல் இருந்தது. 1962-இன் லோட்டஸ் எலான், என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டு விளக்கை இயக்கியது. 1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட்டும் வெற்றிட வகைதான். அதன் பிறகு மின்மோட்டார்களின் காலம் வந்தது. ஃபியட் எக்ஸ்1/9, டொயோட்டா எம்ஆர்2, ஹோண்டா பிரெலூட், 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 எல்லாம் அந்த வரிசை. 2004-இல் கார்வெட்டும் லோட்டஸ் எஸ்பிரிட்டும் விடைபெற்றதோடு இந்த வகை விளக்கு பெரிய தொழிற்சாலைகளிலிருந்து மறைந்துவிட்டது.

மோட்டார் வகையிலும் இரண்டு உண்டு. போர்ஷே 944-இல் ஒரே மோட்டார் குறுக்கே போகும் தண்டு வழியாக இரண்டு விளக்குகளையும் தூக்குகிறது. எம்எக்ஸ்-5 போன்றவற்றில் பக்கத்துக்கு ஒரு மோட்டார். கீழே சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது அமைப்பைப் பற்றியது. வெற்றிட வகைக்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் வருகிறது.

அது எப்படி எழுகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் கை வைத்தால் பாதி வேலை வீணாகும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மோட்டாரின் தண்டில் திருகுபோல் பல் வெட்டிய ஒரு வார்ம் கியர் இருக்கிறது. அது ஒரு பல்சக்கரத்தை மெதுவாக, ஆனால் மிகுந்த பலத்தோடு சுற்றுகிறது. பல்சக்கரத்தின் தண்டு வெளியே வந்து ஒரு சிறிய கிராங்க் கையைச் சுற்றுகிறது. அந்தக் கைக்கும் விளக்குச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு லிங்க் ராடு. தையல் மெஷினில் மிதிக்கட்டையின் ஆட்டம் கம்பி வழியாகச் சக்கரத்தின் சுழற்சியாக மாறுகிறதே, அதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே சுழற்சி ஆட்டமாக மாறுகிறது. கிராங்க் கை அரைச்சுற்றுப் போனால் விளக்கு மேலே. அதே திசையில் இன்னொரு அரைச்சுற்றுப் போனால் கீழே. இந்த வகை ஜப்பானியக் கார்களில் மோட்டார் பின்னோக்கிச் சுற்றுவதே இல்லை.

மேலே வந்து நிற்கும்போது கிராங்க் கையும் லிங்க் ராடும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கும். அந்த நிலையில் எதிர்க்காற்று எவ்வளவு வேகமாக விளக்கை அழுத்தினாலும் அந்த விசை மோட்டாரைத் திருப்பாது. வார்ம் கியரும் பின்னோக்கி இயங்க மறுக்கும். ஆகவே எழுந்த விளக்கைப் பிடித்து வைக்க மின்சாரமே தேவையில்லை. இந்த நேர்கோடு கெட்டால்தான் ஓட்டும்போது விளக்கு நடுங்கத் தொடங்குகிறது. புஷ் (மூட்டுகளில் பின்னைச் சுற்றி இருக்கும் சிறிய உறை) தேய்ந்தாலோ, கிராங்க் கை தவறான கோணத்தில் மாட்டப்பட்டாலோ அது கெடும்.

அரைச்சுற்று முடிந்ததும் நிற்க வேண்டும் என்பது மோட்டாருக்கு எப்படித் தெரியும்? பல்சக்கரத்தோடு சேர்ந்து ஒரு செம்புத் தகடு சுற்றுகிறது. அதன்மேல் சிறிய தொடுவிரல்கள் உரசிக்கொண்டே போகின்றன. தகட்டில் வெட்டுப்பட்ட இடம் வந்ததும் மின்சாரம் அறுந்து மோட்டார் நிற்கிறது. சுவிட்சை அணைத்ததும் வைப்பர் தானாகக் கீழே வந்து நிற்பதும் இதே முறையில்தான். வைப்பர் மோட்டார் பார்க்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், மீதியை அவரே புரிந்துகொள்வார்.

கை வைப்பதற்கு முன்

இந்த மோட்டார் சிறியது, ஆனால் கியர் வழியாக அதற்குக் கிடைக்கும் பலம் விரலை நசுக்கப் போதுமானது. விளக்கின் மூடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் கை இருக்கும்போது யாராவது சுவிட்சைத் தொட்டால் விபரீதம். எனவே விளக்கை எழுப்பும் மோட்டாருக்கான ஃபியூஸை முதலில் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எம்எக்ஸ்-5-இல் அது பானெட்டுக்குள் இருக்கும் 30 ஆம்பியர் ஃபியூஸ். சோதனைக்காக மின்சாரம் தேவைப்படும் இடங்களில் மட்டும் திரும்பப் போடுங்கள். அப்போது காரில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள் சொன்ன பிறகே பட்டனை அழுத்த வேண்டும். வீட்டில் சிறுவர்கள் உதவிக்கு வந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள். விளக்கு எழுவதைப் பார்க்கும் ஆசை அவர்களுக்கு அதிகம்.

10, 12 மி.மீ. ரிங் ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், மல்டிமீட்டர், இரண்டு துண்டு ஒயர், மெல்லிய உப்புத்தாள், பழைய பல்துலக்கி, கொஞ்சம் மண்ணெண்ணெய், லித்தியம் கிரீஸ் ஆகியவை தேவை. இவற்றோடு, இரண்டு இழைகளில் ஒன்று மட்டும் எரிந்துபோன பழைய எச்4 ஹெட்லைட் பல்பு ஒன்றையும் தேடிப்பிடியுங்கள். இந்தப் பட்டியலில் மிக மதிப்புள்ள பொருள் அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பாருங்கள், காது கொடுத்துக் கேளுங்கள்

பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டுக் காரின் முன்னால் சற்றுத் தள்ளி நில்லுங்கள். இரண்டு விளக்குகளும் அசையவில்லை, சத்தமும் இல்லை என்றால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. அது ஃபியூஸ், ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்காந்த சுவிட்ச்), பட்டன், பொது ஒயர் ஆகியவற்றில் ஒன்று. இரண்டு மோட்டாரும் ஒரே நாளில் போவது அரிது. ஒரு பக்கம் மட்டும் அமைதியாக இருந்தால் அந்தப் பக்கத்துக் கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் இணைப்பான்), எர்த் (காரின் உடலில் சேரும் ஒயர்), மோட்டார் என்று தேடல் சுருங்கும்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, விளக்கு அசையவில்லை என்றால் மின்சாரத்தை மறந்துவிடுங்கள். லிங்க் ராடு கழன்றிருக்கும், அல்லது பல்சக்கரம் உடைந்திருக்கும். விளக்கு தூங்கி எழுவதுபோல் மெதுவாக எழுந்தால், பாதியில் நின்றால், அங்கே இரண்டு சந்தேகங்கள்: போதிய மின்சாரம் வரவில்லை, அல்லது கீல் இறுகிவிட்டது. நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் நான் சொன்ன செம்புத் தகடும் தொடுவிரலும்தான் முதல் குற்றவாளிகள். ரிலே ஒட்டிக்கொண்டிருப்பது இரண்டாவது. எழுந்து நிற்கிறது, ஆனால் ஓட்டும்போது ஒளி நடுங்குகிறது என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது மேலே சட்டம் வந்து உட்காரும் ரப்பர் தாங்கி இறங்கிவிட்டது.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் மட்டும் மக்கர் செய்து, சேலத்து வெயிலில் ஒழுங்காக வேலை செய்யும் விளக்கும் உண்டு. அது கப்ளருக்குள் ஈரம் இறங்குவதன் அடையாளம்.

கையால் தூக்கிப் பார்ப்பது

பெரும்பாலான மோட்டார்களின் முனையில் ரப்பர் தொப்பிக்குள் ஒரு திருகுக் குமிழ் இருக்கும். ஃபியூஸ் கழற்றியிருப்பதை உறுதிசெய்துகொண்டு குமிழைச் சுழற்றுங்கள். அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில். விளக்கு கடுகளவு நகர நிறையச் சுற்ற வேண்டும்; அது இயல்பு. குமிழ் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அந்தக் கோணத்தில் எதுவோ உரசுகிறது. எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்து விளக்கு நகரவில்லை என்றால் கியர் போய்விட்டது.

அடுத்து, கோளாறு மோட்டாரிலா கீலிலா என்று பிரிக்க வேண்டும். கிராங்க் கைக்கும் தண்டுக்கும் சேர்த்து பெயின்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டை யாரும் தவிர்க்கக் கூடாது. திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் விளக்கு ஒழுங்காக மூடாது, மேலே அந்த நேர்கோடும் கிடைக்காது. பிறகு லிங்க் ராட்டின் பால் ஜாயின்ட்டைக் கழற்றி, விளக்கை வெறும் கையால் தூக்குங்கள். இரண்டு விரலால் தூக்க முடிய வேண்டும், வழியில் எங்கும் சிக்கக் கூடாது. சிக்கினால் மோட்டார் இத்தனை நாளும் அந்தச் சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தது என்று பொருள்.

கீல் இறுகியிருந்தால் துரு கரைக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஆட்டி, பழைய அழுக்கைத் துடைத்து எடுத்த பிறகே புதிய கிரீஸ் வைக்க வேண்டும். அழுக்கின்மேல் கிரீஸ் வைப்பது வீண். கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் மேக்னசைட் வெட்டும் இடங்களைத் தாண்டிப் போய்வரும் கார்களில் வெள்ளைத் தூசி கீல்வரை ஏறியிருக்கும். சாலைத் தூசியும் கிரீஸும் சேர்ந்தால் அதுவே அரைக்கும் பசையாகி புஷ்ஷைத் தின்றுவிடும்.

மின்சாரம் எங்கே தேய்கிறது

பேட்டரியை முதலில் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை. இதற்குக் கீழே இருந்தால் விளக்கைக் குறைசொல்வது நியாயமில்லை.

இப்போது அந்தப் பழைய எச்4 பல்பின் முறை. மோட்டாரின் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் பெரும்பாலும் 12 வோல்ட் காட்டும், நீங்களும் ஒயரிங் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். பச்சைப் பூத்த ஒயரில் ஒரே ஒரு செம்பு இழை மீதி இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும். மீட்டர் மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. மோட்டார் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆனால் மோட்டார் ஓடுவதோ ஒரு கணம். அதற்குள் டிஜிட்டல் மீட்டர் எண்ணைக் காட்டி முடிக்காது. அதனால் மோட்டாரின் இடத்தில் பல்பை வையுங்கள். 55 வாட் இழை 12 வோல்ட்டில் நான்கரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நீங்கள் நிதானமாக அளந்துகொள்ளலாம்.

உங்கள் காரின் ஒயரிங் படத்தைப் பார்த்து, கப்ளரில் எது மின்சாரம் வரும் பின், எது எர்த் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒயரின் நிறம் காருக்குக் கார் மாறும் என்பதால் நான் இங்கே சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் பல்பைச் சேர்த்து, எரியும்போது பல்பின் இரு முனையிலும் அளக்கவும். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் இழப்பு இருக்கிறது. எந்தப் பாதி என்று அறிய, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையைக் கப்ளரின் எர்த் பின்னிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. பல்பு சுடும், பிளாஸ்டிக் பாகங்கள்மேல் வைக்காதீர்கள், சோதனை முடிந்ததும் உடனே கழற்றுங்கள்.

என் அனுபவத்தில் இங்கேதான் பாதிக் கார்களின் கதை முடிகிறது. எர்த் ஒயர் உடலில் சேரும் போல்ட்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, பளபளக்கும் தகட்டில் இறுக்கி, மேலே லேசாக கிரீஸ் தடவினால் விளக்கு புத்துயிர் பெறும். கப்ளரின் பின்களையும் காண்டாக்ட் கிளீனர் விட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். விளக்கு ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் பல்புக்குப் போகும் ஒயர் ஒரே இடத்தில் மடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். மேலுறை நன்றாக இருந்து உள்ளே செம்பு அறுந்திருக்கும். மடங்கும் இடத்தை விரலால் வளைத்துப் பார்த்தால் தெரியும். மாற்றும்போது மெல்லிய இழைகள் அதிகம் உள்ள ஒயராக வாங்குங்கள்.

மின்சாரம் இரண்டு பக்கமும் வரவில்லை என்றால் ரிலேயைப் பாருங்கள். அதே வகை ரிலே காரில் வேறு இடத்தில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது எளிது. ஆனால் பின் அமைப்பு ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மோட்டாரைத் திறப்பது

பல்பு பிரகாசமாக எரிந்து, கீலும் இலகுவாக இருந்து, மோட்டார் மட்டும் மறுத்தால் அதைக் கழற்றலாம். பிடித்திருக்கும் போல்ட்டுகள் சிலவே. கியர் பக்கத்து மூடியைத் திறக்கும்போது ஒவ்வொரு நிலையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும். மண்ணெண்ணெயும் பல்துலக்கியும் கொண்டு கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீ அபாயம் மட்டுமல்ல, சில பிளாஸ்டிக்குகளையும் அது கெடுக்கும். மோட்டாரின் காயில் பக்கம் மண்ணெண்ணெய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்புத் தகட்டை மிக மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். தொடுவிரல்கள் தளர்ந்திருந்தால் ஒரு மயிரிழை அளவு வளைத்து அழுத்தம் கொடுங்கள். அதிகம் வளைத்தால் ஒடிந்துவிடும். நிற்காமல் ஏறி இறங்கும் விளக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு வேலையில் அடங்கும்.

அடுத்தது கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுற்றும் பாகத்தில் உரசி மின்சாரம் கொடுக்கும் சிறிய கட்டை. தேய்ந்து குட்டையாகி ஸ்பிரிங் அழுத்தம் குறைந்திருந்தால் மாற்ற வேண்டும். அதே அளவு கிடைக்காது. பெரிய கார்பனை அளவுக்குத் தேய்த்துக்கொள்ளலாம், காயில் கட்டும் கடையில் இதைத் தினமும் செய்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். மிக்ஸிக்கும் டிரில் மெஷினுக்கும் போடும் கார்பனை வாங்காதீர்கள். அவை 230 வோல்ட்டுக்கு உரியவை, அவற்றின் மின்தடை அதிகம். 12 வோல்ட் மோட்டாரில் போட்டால் மோட்டார் சோம்பிப்போகும். கார் மோட்டாரின் கார்பனில் செம்புத்தூள் கலந்திருக்கும். உடைத்த முகத்தில் செந்நிற மினுமினுப்பு தெரியும். வைப்பர் மோட்டார், இருசக்கர வாகன ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றின் பிரஷ்ஷைக் கேட்டு வாங்கித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்மேச்சரின் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) கம்யூட்டேட்டர், அதாவது பிரஷ் உரசும் செம்பு வளையம், கறுத்திருந்தால் அதையும் மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் தேய்த்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவில் உள்ள பள்ளங்களை மூங்கில் குச்சியால் சுரண்டிவிடுங்கள். அந்தப் பள்ளத்தில் கார்பன் தூள் நிறைந்திருந்தால் மின்சாரம் குறுக்கே பாயும்.

மூடும்போது பல்சக்கரத்துக்கு லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். செம்புத் தகட்டில் படக் கூடாது. லாரி சேஸிஸுக்கு அடிக்கும் கெட்டியான கிரீஸ் இங்கே வேண்டாம். சேலத்துச் சித்திரையில் அது தெரியாது. ஏற்காட்டு மார்கழி இரவில் இறுகி மோட்டாரின் கழுத்தைப் பிடிக்கும். மூடியின் ஓரத்தில் தண்ணீர் புகாத பசையைத் தடவி மூடுங்கள்.

லேத் பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்

சில கார்களின் பல்சக்கரத்துக்குள் அதிர்வு தாங்கச் சிறிய பிளாஸ்டிக் உருளைகள் இருக்கும். 1980-களின் பான்டியாக் ஃபயர்பேர்டு போன்ற அமெரிக்கக் கார்களில் இவை வயதாகி மாவாக உதிரும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், விளக்கு எழாது. அவற்றையும், கீலிலும் லிங்க் ராட்டிலும் உள்ள புஷ்களையும் நைலான் தண்டிலிருந்து கடைந்துகொள்ளலாம்.

லேத்காரரிடம் பழைய புஷ்ஷைக் கொடுத்து, "அண்ணா, இதே அளவில் நான்கு கடைந்து கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவர் சொன்னதைச் சரியாகச் செய்வார். தேய்ந்த புஷ்ஷின் தேய்ந்த அளவே உங்களுக்குக் கிடைக்கும். அது உள்ளே போகும் பின்னையும், வெளியே அது உட்காரும் சட்டத்தையும் சேர்த்து எடுத்துப்போங்கள். "இந்தப் பின் இதற்குள் சுற்ற வேண்டும், புஷ் இந்தத் துளையில் இறுக்கமாக உட்கார வேண்டும்" என்று வேலையைச் சொல்லுங்கள். வெர்னியரை வைத்து அவரே அளந்துகொள்வார். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் 0.1 மி.மீ. அளவு இடைவெளி போதும். பின்னும் ஓரிடத்தில் தேய்ந்து குழிந்திருக்கும். புது புஷ்ஷில் பழைய பின்னைப் போட்டால் சில மாதங்களில் மறுபடியும் ஆட்டம் வரும். உருக்காலை உள்ள ஊர் இது, துருப்பிடிக்காத எஃகுத் தண்டுக்கு அலைய வேண்டியதில்லை. பின்னையும் புதிதாகக் கடைந்துவிடுங்கள்.

நைலானா பித்தளையா என்று கேட்பார்கள். தூசியும் மழையும் படும் இந்த இடத்துக்கு நைலானையே நான் விரும்புகிறேன். கிரீஸ் காய்ந்தாலும் அது கிறீச்சிடாது, பின்னையும் தின்னாது. பித்தளை போட்டால் கிரீஸ் வைப்பதை மறக்கக் கூடாது.

வெற்றிட வகைக்காரர்களுக்கு

லோட்டஸ் எலான், பழைய கார்வெட் போன்றவற்றில் கோளாறு பெரும்பாலும் ரப்பர் குழாய்களில் இருக்கும். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, கைப்பம்பால் காற்றை உறிஞ்சிச் சில நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். வெடித்த குழாயை வெட்டி ஒட்டாமல் முழுவதும் மாற்றுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு அளவு குறைகிறது. வெற்றிட இயந்திரம் நம்பியிருப்பது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான். போதாக்குறைக்கு, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது என்ஜின் உறிஞ்சும் வெற்றிடமும் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. அந்த நேரத்தில் விளக்கை இயக்குவது வெற்றிடத் தொட்டியில் சேமித்ததும், அதைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் ஒருவழி வால்வும்தான். சமவெளியில் ஒழுங்காக எழும் விளக்கு ஏற்றத்தில் தலை கவிழ்ந்தால் அந்த வால்வை மாற்றுங்கள், தொட்டியில் ஓட்டை பாருங்கள்.

ஒளியை நேராக்குவது

புஷ் மாற்றியதும் விளக்கு நிற்கும் கோணம் மாறிவிடும். ஒளியைச் சரிபார்க்காமல் இரவில் கிளம்பினால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைப்பீர்கள்.

முதலில் விளக்கு எழுந்த நிலையில் ரப்பர் தாங்கியைத் தொட்டு உறுதியாக உட்கார்கிறதா பாருங்கள். தாங்கியை அதிகம் உயர்த்தினால் மோட்டார் அரைச்சுற்றை முடிக்க முடியாமல் இழுத்துக்கொண்டே இருந்து சூடாகும். பிறகு சமதளத்தில், டயர் காற்றைச் சரிபார்த்து, சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் கோடு போடுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 7.5 செ.மீ. கீழே விழ வேண்டும். பத்து மீட்டருக்குப் பத்து செ.மீ. இறக்கம் என்பது கணக்கு.

ஒளியின் மேல்விளிம்பு எந்தப் பக்கம் உயர்கிறது என்றும் பாருங்கள். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் அது இடது ஓரத்தில் உயர வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்த விளக்கு நேர் எதிராக, வரும் வண்டியின் ஓட்டுநரைக் குறிவைக்கும். அதை எவ்வளவு திருகினாலும் சரியாகாது. விளக்கையே மாற்ற வேண்டும். எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. அதில் இருப்பது 7 அங்குல வட்ட விளக்கு, அம்பாசடருக்கும் புல்லட்டுக்கும் பழைய ஜீப்புக்கும் போடும் அதே அளவு. நல்ல தயாரிப்பாகப் பார்த்து எச்4 வகையை வாங்குங்கள், 60/55 வாட் பல்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். 100 வாட் பல்பு பழைய சுவிட்சையும் கப்ளரையும் உருக்கிவிடும்.

மலை ஏறுவதற்கு முன்

வீட்டு வாசலில் விளக்கு பத்து முறை ஏறி இறங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் சோதனையைப் பகலில் செய்யுங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி மேலே போய்ச் சேர்ந்ததும் என்ஜின் சூட்டோடு விளக்கை இயக்கிப் பாருங்கள். சூட்டில்தான் பலவீனமான ரிலேயும் காயிலும் காட்டிக்கொடுக்கும். இறங்கியதும் லிங்க் ராட்டின் நட்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். இரவுப் பயணம் அதற்குப் பிறகுதான்.

வழியில் விளக்கு மறுத்தால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். வளைவில் நிறுத்தாமல் அடுத்த அகலமான இடம்வரை மெதுவாகப் போய், அபாய விளக்கைப் போட்டு, என்ஜினை நிறுத்துங்கள். மோட்டார் ஃபியூஸைக் கழற்றி, குமிழைச் சுற்றி இரண்டு விளக்குகளையும் மேலே கொண்டுவந்து, அப்படியே விட்டுவிடுங்கள். பெரும்பாலான கார்களில் பல்புக்கான ஃபியூஸ் தனி. விளக்கு வழக்கம்போல் எரியும். வீடு வந்து சேரும்வரை அந்த ஃபியூஸைத் திரும்பப் போடாதீர்கள். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமிலேயே வாருங்கள். இறங்கும்போது ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

காரில் எப்போதும் இருக்க வேண்டியவை: அதே ஆம்பியரில் இரண்டு ஃபியூஸ், லிங்க் ராட்டின் நட்டுக்குச் சேரும் ஸ்பேனர், ஒரு கைவிளக்கு, லேத்தில் கடைந்தபோது கூடுதலாகச் செய்துகொண்ட ஒரு ஜோடி புஷ். காரை ஏற்காட்டில் மழைக்காலம் முழுவதும் நிறுத்திவைப்பவர்கள் வாரம் ஒரு முறை விளக்கை ஏற்றி இறக்குங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தால் குமிழாலேயே ஒரு முழுச்சுற்றுச் சுற்றிவிட்டு, ரப்பர் தொப்பியை இறுக்கமாக மூடுங்கள்.